‘அபவுட் டைம்’ படத்தில் அந்த அப்பா ஏன் சிகரெட்டை நிறுத்தவில்லை? தம்பியோடு ஒரு வாரச் சண்டை, யாராவது தீர்த்து வையுங்கள்

வில்லிவாக்கம் டியூஷன்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசிக் காட்சிவரை கதையை உடைத்துத்தான் கேட்கப்போகிறேன். பார்க்காதவர்கள் இப்படியே திரும்பிவிடுங்கள்.

2013இல் வந்த படம். ரிச்சர்ட் கர்ட்டிஸ் எழுதி இயக்கியது. நான் பார்த்தது போன சனிக்கிழமை ராத்திரிதான். “காதல் காமெடிக்கா, மூளையைக் கழற்றி வைத்துவிட்டுப் பார்” என்று தம்பி சொன்னான். பத்தாம் வகுப்புக்குக் கணக்கு டியூஷன் எடுப்பவளிடம் மூளையைக் கழற்றச் சொன்னால் எப்படி? அன்றிலிருந்து இருவருக்கும் போனில் சண்டை. கோடு போட்டு, வருஷம் குறித்து, படம் வரைந்துகூட அனுப்பிவிட்டேன். அவன் மசியவில்லை.

கதை இதுதான். டிம் என்று ஒரு பையன். இங்கிலாந்தில் கார்ன்வால் பக்கம், கடற்கரையை ஒட்டிய வீடு. 21 வயதானதும், புத்தாண்டு பார்ட்டிக்கு மறுநாள், அப்பா அவனைத் தனியே கூப்பிட்டு ஒரு விஷயம் சொல்கிறார். நம் வீட்டு ஆண்களால் காலத்தில் பின்னால் போக முடியும் என்கிறார். மெஷின், லைட்டு, புகை எதுவும் கிடையாது. அலமாரி மாதிரி இருட்டான இடத்துக்குள் நுழைந்து, இரண்டு கையையும் இறுக மூடிக்கொண்டு, போக வேண்டிய நேரத்தை நினைத்தால் போதும். அதுவும் அவரவர் வாழ்ந்த நாட்களுக்குள் மட்டும்தான். எதிர்காலம் கிடையாது. (“நம் வீட்டு ஆண்களுக்குப் பரம்பரையாக வந்தது வழுக்கை மட்டும்தான்” என்றான் தம்பி. வாஸ்தவம்.)

அப்பாவாக பில் நைய். இந்த வரத்தை வைத்துக்கொண்டு மனுஷன் என்ன செய்தாராம் தெரியுமா? புத்தகம் படித்தாராம். படித்ததையே திரும்பத் திரும்பப் படித்தாராம். மகன் காதலி தேடக் கிளம்புகிறான். சரி, வயசு அப்படி. லண்டனில் ஒரு இருட்டு ஓட்டலில், முகமே தெரியாமல், மேரியோடு பேசிப் பழக்கமாகிறான். அன்றைக்கே நண்பரின் நாடகத்தைக் காப்பாற்றப் பின்னால் போகிறான். நாடகம் பிழைக்கிறது. ஆனால் அவன் இருட்டு ஓட்டலுக்கே போகாத சாயங்காலம் ஆகிவிட்டதால், மேரி கொடுத்த நம்பர் போனில் இல்லை. என் வீட்டுக்காரர் அந்த ஓட்டல் காட்சியிலேயே தூங்கிவிட்டார். திரை கறுப்பாக இருந்ததால் தூக்கம் வந்ததாம்.

கல்யாணக் காட்சியில் மட்டும் அவரை உலுக்கி எழுப்பினேன். பேய் மழை, கூடாரம் பிய்த்துக்கொண்டு போகிறது, சிவப்பு கவுனில் பெண் தொப்பலாக நனைந்து சிரிக்கிறாள். எங்கள் கல்யாணம் 2015 நவம்பர் மழையில் நடந்தது. மண்டபத்து வாசலில் முழங்கால் தண்ணீர். நாதஸ்வரக்காரரையும் தவில்காரரையும் மீன்பாடி வண்டியில் ஏற்றி, அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னாலிருந்து தள்ளி வந்தார். வீடியோவில் அது இல்லை. வீடியோக்காரர் பத்து மணிக்குத்தான் வந்து சேர்ந்தார்.

இப்போது கேள்வி. டிம்மின் தங்கையை வீட்டில் கிட் கேட் என்று கூப்பிடுகிறார்கள். (ஆமாம், சாக்லேட் பேர்தான்.) அவளுக்கு ஒரு உருப்படாத காதலன். டிம்முடைய மகளின் முதல் பிறந்தநாள் அன்று அவனோடு சண்டை போட்டுவிட்டு, காரை எங்கோ மோதி ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். டிம் அவளையும் கையைப் பிடித்துப் பின்னால் கூட்டிப்போய், அந்தக் காதலனை அவள் சந்தித்த பார்ட்டியிலேயே சந்திப்பைத் தடுத்துவிடுகிறான். திரும்பி வந்தால் தங்கை பிரமாதமாக இருக்கிறாள். வீட்டுக்குப் போனால் மகள் இருந்த இடத்தில் யாரோ ஒரு ஆண் குழந்தை! அப்போதுதான் அப்பா விளக்குகிறார். குழந்தை கருவான கணத்துக்கு முன்னால் போய்க் கை வைத்தால், பிறப்பது வேறு குழந்தை. டிம் எல்லாவற்றையும் பழையபடி ஆக்கிவிட்டு வருகிறான். தங்கையின் கஷ்டத்தை நேரடியாகவே பட்டுத் தீர்க்க வேண்டியதாகிறது.

பிறகு அப்பாவுக்கு நுரையீரல் புற்றுநோய். பின்னால் போய்ச் சரிசெய்ய முடியாது. பிள்ளைகள் பிறப்பதற்கு முன்னால் பிடித்த சிகரெட், அதைத் தொட்டால் பிள்ளைகள் மாறிவிடுவார்கள் என்று படம் சொல்கிறது. தம்பி இங்கேதான் நிற்கிறான். “இரண்டாவது பிள்ளை பிறந்த மறுநாளுக்குப் போய் பாக்கெட்டைக் கடலில் வீசியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்? இரண்டு பிள்ளைகளும் அப்படியேதானே இருப்பார்கள்? கதாசிரியர் அழ வைப்பதற்காக இதை மறைத்துவிட்டார்” என்கிறான். தப்பு என்று மனசு சொல்கிறது, நிரூபிக்க வரவில்லை. போர்டில் பிள்ளைகள் முன்னால் கணக்கு பாதியில் நின்றுபோனது மாதிரி இருக்கிறது.

இதற்கு ஏன் ஒரு வாரம் சண்டை என்று கேட்பீர்கள். எங்கள் அப்பா பெரம்பூர் ரயில் பெட்டி ஃபேக்டரியில், அதுதான் ஐசிஎஃப், ஃபர்னிஷிங் பிரிவில் வேலை பார்த்தவர். ஷெல் பிரிவில் ரயில் பெட்டியின் கூடு தயாராகி வரும், ஃபர்னிஷிங்கில் சீட்டு, பர்த், ஃபேன், ஜன்னல் எல்லாம் மாட்டுவார்கள். எந்த ரயிலில் ஏறினாலும் உட்காருவதற்கு முன்னால் சீட்டின் அடியில் கையை விட்டு போல்ட்டைத் திருகிப் பார்ப்பார். ஷிப்ட் முடிந்து வந்தால் பீடி, டீ, கேரம் போர்டு. படத்தில் அப்பாவும் மகனும் டேபிள் டென்னிஸ் ஆடுகிறார்களே, எங்களுக்கு அது கேரம். குவார்ட்டர்ஸ் கூடத்தில் பல்பைப் போர்டுக்கு மேலே தாழ இறக்கி, தினத்தாளைக் கூம்பாகச் சுருட்டி மாட்டியிருப்பார். மூலைப் பைகளில் எப்போதும் பழைய பனியன் துணி திணித்திருக்கும். வலை கிழிந்துபோய் அடைத்து வைத்திருக்கிறார் என்று நினைத்துக்கொள்வேன். ஆட உட்காரும்போது அதை உருவிப் போட்டுவிட்டு, “ரெட்டை மட்டும் தொடாதே, ஃபாலோ போட உனக்குக் கை வராது” என்பார். (ரெட் என்பது சிவப்புக் காய். அதைப் போட்டால் அடுத்து நம் காய் ஒன்றையும் போட்டாக வேண்டும், அதுதான் ஃபாலோ.) நான் ரெட்டைத்தான் தொடுவேன்.

2018இல் போய்விட்டார். அவருக்கும் நுரையீரல்தான்.

இன்னொரு சின்னக் கேள்வியும் உண்டு. அம்மாவுக்கு இங்கிலீஷ் வராது, படத்துக்குக் கீழே வரிகள் ஓடினால் படிப்பதற்குள் போய்விடும். இந்த மாதிரி, காலத்தில் பின்னால் போகிற, காதலும் குடும்பமும் கலந்த தமிழ்ப் படம் அம்மாவோடு உட்கார்ந்து பார்க்கிற மாதிரி ஏதாவது இருக்கிறதா?

கடைசி பெஞ்ச்

டீச்சர், விடை உங்கள் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. தம்பி இரண்டு பிள்ளைகளை எண்ணிவிட்டுப் பேத்தியை மறந்துவிட்டார்.

கிட் கேட் பிறந்த மறுநாள் தாத்தா சிகரெட்டை நிறுத்துகிறார் என்றே வைத்துக்கொள்வோம். டிம்மும் கிட் கேட்டும் மாறமாட்டார்கள், சரி. ஆனால் அன்றிலிருந்து அந்த வீட்டில் இருபது வருஷம் வேறு மாதிரி ஓடும். வாசலில் நின்று புகைத்த ஐந்து நிமிஷத்தில் அவர் வேறெங்கோ இருப்பார், யாரோடாவது பேசுவார், டிம் ஒரு நிமிஷம் முன்னால் தூங்கப் போவான். அப்படியே லண்டன் போய், மேரியைச் சந்தித்து, கல்யாணமும் ஆனாலும், குழந்தை கருவாகிற அந்தக் கணம் இம்மி பிசகினால் போதும். தங்கையின் பார்ட்டியைக் கொஞ்சம் மாற்றியதற்கே மகள் பையனாகிவிட்டாளே. ஆகவே பேத்தி பிறந்த பிறகு அந்தத் தாத்தாவுக்குப் பழைய காலம் மொத்தமும் பூட்டிய வீடு. ஜன்னல் வழியாகப் பார்க்கலாம், ஒரு செம்பைக்கூட நகர்த்தக் கூடாது. பேத்தி கருவான பிறகு நிறுத்தலாம், தடையில்லை. அதற்குள் நுரையீரல் போய்விட்டது.

பேத்தி வருவதற்கு முன்னாலேயே தெரிந்திருந்தால் நிறுத்தியிருப்பாரே என்று தம்பி அடுத்து கேட்பார். எதிர்காலம் பார்க்கும் வசதி அந்தக் குடும்பத்துக்குக் கிடையாது. முடிந்தது.

உண்மையான ஓட்டை வேறு இடத்தில் இருக்கிறது. அப்பா இறந்த பிறகும் டிம் பின்னால் போய் அவரைப் பார்த்துக்கொண்டே இருக்கிறான். மேரி மூன்றாவது குழந்தை வேண்டும் என்கிறாள். அது பிறந்துவிட்டால் அப்பாவைப் பார்க்கப் போக முடியாது. அதனால் அந்த ஒன்பது மாதமும் போய்ப் போய்ப் பார்த்துவிட்டு, பிரசவ நேரத்தில் கடைசியாக விடைபெறுகிறான். ஆனால் விதி என்ன? கருவாகும் கணம்! பிரசவம் இல்லையே. அப்படியானால் மேரி கர்ப்பமான அன்றைக்கே கதவு சாத்தியிருக்க வேண்டும். ஒன்பது மாதம் இலவசம். இயக்குநர் கண்டுகொள்ளவில்லை. கண்டுகொண்டிருந்தால் அந்தக் கடைசி டேபிள் டென்னிஸ் கிடைத்திருக்காது, எனக்கும் ஆட்சேபணை இல்லை.

இன்னொன்று, சின்னது. பையனாகிப் போன மகளைத் திரும்ப வாங்க டிம் மறுபடி போய்த் தன் தலையீட்டை அழிக்கிறான். அப்படி அழித்தால் அதே கணம் அச்சு அசலாகத் திரும்பி வருமா? அங்கே மட்டும் படம் நம் மூளையைக் கழற்றித்தான் வைக்கச் சொல்கிறது. அந்த ஒரு இடத்தில் தம்பி சொன்னது சரி.

பால்கனி டிக்கெட்

மேலே உள்ளவர் கேள்வித்தாளையே திருத்திக் கொடுத்துவிட்டார். நான் அம்மா கேள்விக்கு வருகிறேன்.

‘கணம்’, 2022. ஶ்ரீகார்த்திக் இயக்கியது. விபத்தில் போய்விட்ட அம்மாவைப் பார்க்க மகன் 1998க்குத் திரும்புகிறான். ஷர்வானந்த் மகன், அமலா அம்மா. நாசர் விஞ்ஞானி. கூட இரண்டு நண்பர்கள், சதீஷும் ரமேஷ் திலக்கும், சின்னப் பையன்களாக இருந்த தங்களையே சந்தித்துத் தலையில் அடித்துக்கொள்கிற காமெடி நன்றாக இருக்கும். காதல் ஓரமாகத்தான் வருகிறது. நீங்கள் சொன்ன படத்துக்கு நம் ஊரில் ரொம்பப் பக்கத்தில் நிற்பது இதுதான். ஆனால் அப்பா போய்ச் சில வருஷமே ஆன வீடு என்கிறீர்கள். முதலில் நீங்கள் தனியாகப் பார்த்துவிட்டு அம்மாவுக்குப் போடுங்கள். நான் முன்யோசனை இல்லாமல் என் அத்தைக்குப் போட்டுவிட்டு, இடைவேளைக்கு அப்புறம் காபி போடுகிற சாக்கில் சமையலறையிலேயே நின்றிருந்தேன்.

சிரித்துவிட்டுத் தூங்கப் போகிற மாதிரி வேண்டுமென்றால் ‘ஓ மை கடவுளே’, 2020. அஸ்வத் மாரிமுத்து. விவாகரத்துக்குக் கோர்ட் வாசலில் நிற்பவனுக்குக் கடவுளாக வரும் விஜய் சேதுபதி ஒரு டிக்கெட் கொடுத்து இரண்டாவது வாய்ப்பு தருகிறார். பழைய நாளுக்குப் போய் வேறு முடிவெடுத்தால் என்ன ஆகும் என்பதுதான் கதை. எல்லோரும் காதலைச் சொல்வார்கள். நான் எம்.எஸ். பாஸ்கரைச் சொல்வேன். பெண்ணின் அப்பா. டாய்லெட் கம்பெனி நடத்துகிறார், மாப்பிள்ளைக்கு அந்த வேலையே அசிங்கமாக இருக்கிறது. அந்தக் கம்பெனியை ஏன் ஆரம்பித்தேன் என்று அவர் சொல்கிற இடம் வரும். ஃபேக்டரியில் வேலை பார்த்த அப்பாவின் பிள்ளைகளுக்கு அந்த இடம் பிடிக்கும்.

‘இன்று நேற்று நாளை’ 2015இல் வந்தது. அது மெஷின் படம், ஜோசியம், ரவுடி என்று கலகலப்பாகப் போகும். கதாநாயகியை அவள் பிறந்த நாளுக்கே கூட்டிப்போகும் காட்சிக்காக உங்களுக்குப் பிடிக்கலாம். அம்மாவுக்கு வேண்டாம், குழம்பிவிடுவார்.

மடிப்பாக்கம் மழைநீர்

எல்லோரும் உருகுங்கள், நான் கொஞ்சம் எண்ணெய் ஊற்றிவிட்டுப் போகிறேன்.

டிம் நல்ல பையன், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மேரியிடம் கடைசிவரை சொல்லவே இல்லை, கவனித்தீர்களா? அவளுக்கு யாரைப் பிடிக்கும், எந்தக் கண்காட்சிக்கு வருவாள், எந்தப் பார்ட்டியில் வேறு ஒருத்தனைச் சந்தித்தாள் என்றெல்லாம் தெரிந்துகொண்டு, பின்னால் போய் முந்திக்கொள்கிறான். அவளோடு கழிக்கும் முதல் ராத்திரியைச் சரியாக வரும்வரை திருப்பித் திருப்பி நடத்துகிறான். அவளுக்கு ஞாபகம் இருப்பது கடைசியாக நடந்தது மட்டும். பரீட்சையில் கேள்வித்தாளை முன்னாலேயே பார்த்துவிட்டு எழுதியவனை டீச்சர் நீங்கள் பாஸ் போடுவீர்களா?

இன்னொரு வேடிக்கை. மேரியாக நடித்த ரேச்சல் மெக்ஆடம்ஸ் 2009இல் ‘தி டைம் டிராவலர்ஸ் வைஃப்’, 2011இல் ‘மிட்நைட் இன் பாரிஸ்’, 2013இல் இந்தப் படம் என்று மூன்றிலும் காலம் தாண்டுகிற ஆளுக்குக் காதலி, நிச்சயமானவள், மனைவி. மூன்றிலும் அவர் மட்டும் எங்கேயும் போகவில்லை. வீட்டு ஆண்கள் ஊர் சுற்றிவிட்டு வரும்வரை சாப்பாட்டை மூடி வைத்துக் காத்திருப்பது நம் ஊர்ப் பழக்கம் என்று நினைத்திருந்தேன்.

அந்த வரம் ஆண்களுக்கு மட்டும்தான் என்று அந்த அப்பா சொல்கிறாரே, அந்த வீட்டு அம்மாவுக்குத் தெரியுமா, தெரியாதா? அதைப் பற்றி ஒரு படம் எடுங்கள், முதல் நாள் முதல் காட்சிக்கு நான் வருகிறேன்.

வழுக்கை இல்லாத தம்பி

அக்கா, லிங்க்கை நீயே அனுப்பிவிட்டு நான் படிக்கமாட்டேன் என்று நினைத்தாயா? பேத்தி விஷயம் ஒத்துக்கொள்கிறேன். ஒன்பது மாத ஓட்டையை நானும் சொன்னேன், நீதான் “பேச்சை மாற்றாதே” என்றாய். பரம்பரை வழுக்கையை ஊருக்கே அறிவித்ததற்குத் தனியாகப் பேசிக்கொள்கிறேன்.

அப்புறம், பனியன் துணி வலை கிழிந்ததற்காக இல்லை. அம்மாவைக் கேள்.

வில்லிவாக்கம் டியூஷன்

கடைசி பெஞ்ச், ரொம்ப நன்றி. இது கணக்கு. பேத்தியை விட்டது என் தப்பும்தான். மழைநீர், நீங்கள் கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் யோசிக்கிறேன். பாஸ் போடமாட்டேன். ஆனால் திரும்ப எழுத வாய்ப்பு கொடுப்பேன், டியூஷனில் அதைத்தானே தினமும் செய்கிறேன்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை அம்மா வந்திருந்தார். எந்தப் படமும் போடவில்லை. முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே முழுக் கதையையும் நானே சொல்லிவிட்டேன். டிம்முக்கு தினேஷ் என்று பேர் வைத்தேன். மேரியை மாற்றவில்லை, பெரம்பூரில் மாதா கோயில் தெருவுக்கு ஒரு மேரி இருக்கிறாள், அம்மாவுக்குப் பழக்கமான பேர். கார்ன்வாலைக் கோவளம் ஆக்கினேன். கால் மணி நேரத்தில் முடியும் என்று பார்த்தால் ஒரு மணி நேரம் போனது, ஏனென்றால் அம்மா நடுநடுவே நிறுத்தினார். “அலமாரிக்குள்ள கரப்பான் இருக்காதா?” என்றார். “கல்யாணத்துக்கு வந்தவங்க மழையில சாப்பிட்டாங்களா, இல்லையா?” என்றார். மேரியிடம் சொல்லவே இல்லை என்ற இடத்தில் கீரையைக் கீழே வைத்துவிட்டு, “அவளுக்குத் தெரிஞ்சிருக்கும். தெரியாத மாதிரி இருந்திருப்பா” என்றார். மழைநீர், இது உங்களுக்கு.

சிகரெட் விவகாரத்தையும் கேட்டேன். கருவாகிற கணம், பேத்தி, பூட்டிய வீடு எல்லாவற்றையும் கடைசி பெஞ்ச் சொன்னபடியே விளக்கினேன். அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

“இதுக்கு எதுக்குடி இவ்ளோ கணக்கு? பின்னால போய் நிறுத்தியிருப்பார். ரெண்டு நாள் கழிச்சு வாசல்ல நின்னு மறுபடி பத்த வெச்சிருப்பார். உங்கப்பா எத்தனை தடவை நிறுத்தினார்னு உனக்குத் தெரியுமா?”

எனக்குத் தெரிந்து இரண்டு. அம்மா பதினொன்று என்றார். ஒவ்வொன்றும் எந்தச் சமயம் என்று சொன்னார். நான் பிறந்தபோது ஒன்று, தம்பி பிறந்தபோது ஒன்று, எனக்கு டைஃபாய்டு வந்தபோது ஒன்று, பழனிக்கு நடந்து போனபோது ஒன்று. அதிகபட்சம் நாற்பது நாள் நின்றதாம். ஆக அப்பா, அலமாரிக்குள் நுழையாமலே, பதினொரு முறை அந்தப் பாக்கெட்டை வீசிப் பார்த்திருக்கிறார்.

அப்புறம் பனியன் துணி. தம்பி சொன்னது மனசில் இருந்ததால் கேட்டேன். அம்மா சிரித்தார்.

“நீங்க ரெண்டு பேரும் தூங்கினப்புறம் மறுபடி விளக்கைப் போடுவார். நீ எந்தக் காயை விட்டியோ அதை அந்த இடத்துலயே வெச்சு, ஸ்ட்ரைக்கரை நீ வெச்ச மாதிரியே வெச்சு அடிச்சுப் பார்ப்பார். எப்படி அடிச்சிருந்தா விழுந்திருக்கும்னு. காய் பையில விழுந்து மரத்துல தட்டுற சத்தத்துல பிள்ளைங்க முழிச்சுக்கும்னு நான் திட்டினேன். அதான் துணி.”

சில நாள் ஒரே காயை அரை மணி நேரம் அடிப்பாராம். மறுநாள் சாயங்காலம் அதே மாதிரி காய் வந்து நின்றால், “கொஞ்சம் இடது பக்கம் நகர்த்தி வை” என்பார் என்னிடம். சொல்லும்போது கண்ணில் ஒரு சிரிப்பு இருக்கும். பெரியவர்களுக்குத் தெரியும்போல என்று வைத்துக்கொள்வேன்.

அம்மாவை ஆட்டோ ஏற்றிவிட்டு வந்து கட்டிலுக்கு அடியிலிருந்து போர்டை இழுத்தேன். டியூஷன் பிள்ளைகளின் பழைய நோட்டுகள் மேலே ஒரு அடுக்கு. மூன்று பைகள் காலி. நான்காவதில் துணி இன்னும் இருக்கிறது, பவுடர் ஏறி வெள்ளையாகக் கெட்டிப்பட்டுப் போயிருக்கிறது. வெளியே எடுத்து விரலை விட்டுப் பார்த்தேன். வலை நன்றாகத்தான் இருக்கிறது. நான்கும் நன்றாகத்தான் இருக்கின்றன. துணியை மறுபடி உள்ளேயே வைத்துவிட்டேன்.

காய்கள் எண்ணினேன், வெள்ளை ஒன்பது, கறுப்பு எட்டு, ரெட் இருக்கிறது. ஸ்ட்ரைக்கர் காணவில்லை. அடுத்த ஞாயிறு தம்பி வருகிறான், ‘கணம்’ பார்ப்பதா போர்டு போடுவதா என்று இன்னும் முடிவாகவில்லை. நல்ல ஸ்ட்ரைக்கர் எங்கே கிடைக்கும்? இங்கே பக்கத்துக் கடைகளில் இருப்பது பொம்மை மாதிரி லேசாக இருக்கிறது.

ரெட் அண்ட் ஃபாலோ

படத்தைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, கேரம் என்று பார்த்து உள்ளே வந்தேன்.

பெரியமேட்டுக்குப் போங்கள். நேரு ஸ்டேடியம் பக்கம் வரிசையாக விளையாட்டுச் சாமான் கடைகள். பொம்மைக் கடையில் வாங்கவே வாங்காதீர்கள். போட்டிக்கான ஸ்ட்ரைக்கர் 15 கிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது விதி. ஆனால் அந்த 15க்குப் பக்கத்தில் இருப்பதாகப் பார்த்து எடுங்கள், லேசானது பழைய போர்டில் தாவும். கண்ணாடி மேல் வைத்துச் சுற்றிவிட்டுப் பாருங்கள், ஆடாமல் சுற்ற வேண்டும். கறுப்புக் காய் ஒன்றை மட்டும் தனியாகத் தரமாட்டார்கள், செட்டாகத்தான் வாங்க வேண்டியிருக்கும். பவுடருக்கு போரிக் கேளுங்கள், முகத்துக்குப் போடுகிற பவுடர் போட்டுப் போர்டைக் கெடுத்துவிடாதீர்கள்.

இத்தனை வருஷம் கட்டிலுக்கு அடியில் கிடந்தது என்கிறீர்கள். ஆடுவதற்கு முன்னால் நாலு நாள் சுவரில் சாய்க்காமல் தரையில் படுக்கப் போட்டு வையுங்கள், பலகை நடுவில் தொய்ந்திருக்கிறதா என்று தெரிந்துவிடும். வெயிலில் மட்டும் வைக்காதீர்கள்.

கேரம் உலக சாம்பியன் மரிய இருதயம் ஆடிய ஊர் இது. 2024இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கிய காசிமாவும் நம் வடசென்னைப் பெண்தான். அதனால் ஃபாலோ போடக் கை வராது என்று யாரும் யாரையும் சொல்ல வேண்டாம். இடது பக்கம் எவ்வளவு நகர்த்தச் சொல்வார் உங்கள் அப்பா? அரை விரலா, ஒரு விரலா?

வில்லிவாக்கம் டியூஷன்

அரை விரல். சில நாள் அதுவும் இல்லை, நகம் அளவு.